உள்வாங்கிய தாடை: கத்தியும் தகடும் சேர்ந்து நடந்த கதை

இன்றைய பகுதியில் கீழ்த்தாடையைப் பற்றிப் பேசப் போகிறோம். பின்னால் தள்ளிப்போன கீழ்த்தாடையை முன்னுக்குக் கொண்டுவர, கிட்டத்தட்ட 170 வருஷமாக மருத்துவர்கள் என்னென்ன செய்து பார்த்தார்கள் என்கிற கதை இது.

மருத்துவ வரலாறு என்றாலே அறுவை சிகிச்சை நிபுணருக்குத்தான் மேடை கிடைக்கும். கத்தி, ரத்தம், துணிச்சல் எல்லாம் கதைக்கு நல்லா இருக்கும் இல்லையா? இந்தக் கதையில் அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் நிற்கிறார். பல் அச்சு எடுத்து, மாவில் வார்த்து, அதன்மேல் ஒரு சின்னத் தகடு செய்து கொடுக்கிற பல் மருத்துவர். அந்தத் தகட்டுக்குப் பெயர் ஸ்பிளின்ட். நம்ம ஊரில் கை முறிந்தால் மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவார்கள். அந்த வேலையை வாய்க்குள் செய்வதுதான் இது. ஆனால் வாய்க்குள் போனதும் அதற்கு வேறு பல வேலைகளும் வந்து சேர்ந்தன.

முதலில் பிரச்சினை என்ன என்று பார்த்துவிடலாம். பக்கவாட்டில் இருந்து பார்த்தால் சிலருக்கு மோவாய் கழுத்தை நோக்கிச் சரிந்திருக்கும். மேல் முன்பற்களுக்கும் கீழ் முன்பற்களுக்கும் நடுவில் விரல் போகிற அளவு இடைவெளி இருக்கும். சிலருக்கு இது வெறும் தோற்றம்தான். ஆனால் பலருக்குக் கடிப்பதும் மெல்லுவதும் சிரமம், காதுக்கு முன்னால் இருக்கும் தாடை மூட்டில் வலி, தூக்கத்தில் மூச்சுத் தடை என்று நீண்டுகொண்டே போகும். நாக்கு கீழ்த்தாடையோடு கட்டுப்பட்ட உறுப்பு. தாடை பின்னால் போனால் நாக்கும் பின்னால் போகும். அதற்குப் பின்னால் இருப்பது மூச்சுக் குழாய்க்கான வழி. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வெள்ளித் தகடு

1849-ல் அமெரிக்கப் பல் மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு கட்டுரை வெளியானது. எழுதியவர் சைமன் ஹல்லிஹென். அன்றைக்கு வர்ஜீனியாவில் இருந்த வீலிங் என்ற ஊரில் தொழில் செய்தவர். அவரிடம் வந்த நோயாளி 20 வயதுப் பெண். குழந்தையாக இருந்தபோது தீக்காயம் பட்டு, கழுத்துத் தோல் தழும்பாகி இறுகி, வளர்கிற கீழ்த்தாடையை வருஷக்கணக்கில் கீழே இழுத்திருக்கிறது. வாயை மூட முடியாது. எச்சில் ஒழுகிக்கொண்டே இருக்கும்.

ஹல்லிஹென் தாடையின் இரண்டு பக்கமும் ஆப்பு வடிவத்தில் எலும்பை வெட்டி எடுத்து, முன்பகுதியைப் பின்னால் நகர்த்தினார். பிறகு தனி அறுவைகளில் கழுத்துத் தழும்பையும் கீழுதட்டையும் சரி செய்தார். முக அமைப்புக்காகத் தாடையை வெட்டி நகர்த்தும் சிகிச்சையின் வரலாற்றை இங்கிருந்துதான் எழுதத் தொடங்குவார்கள். இந்தப் பெண்ணுக்குத் தாடை முன்னால் நீண்டிருந்தது, நம்முடைய தலைப்புக்கு நேர் எதிர். அப்படியிருந்தும் ஏன் இவரிடமிருந்து தொடங்குகிறேன் என்றால், வெட்டி முடித்த பிறகு அவர் செய்த காரியம்தான் காரணம். மெழுகில் பல் அச்சு எடுத்து, அதன்மேல் வெள்ளியில் ஒரு தகடு செய்து பற்களின் மேல் பொருத்தினார். வெட்டிய துண்டு நகராமல் இருக்க வேண்டுமே.

அதாவது, முதல் அறுவையிலேயே தகடு கூட இருந்தது. தாடை அறுவைக்கு எப்போதும் மூன்று வேலைகள்: வெட்டுவது, நகர்த்துவது, நகர்த்திய இடத்தில் பிடித்து வைப்பது. 1907-ல் செயின்ட் லூயிஸ் அறுவை நிபுணர் வில்ரே பிளேரும் இந்த மூன்றாகத்தான் சிக்கலைப் பிரித்துப் பார்த்தார். வெட்டுவது கத்தியின் வேலை. மற்ற இரண்டும் பெரும்பாலும் தகட்டின் வேலை. இந்த இரண்டு கைவினைகளும் ஒன்றையொன்று மதித்த காலங்களில் சிகிச்சை முன்னேறியது, பிரிந்து நின்ற காலங்களில் தேங்கியது. இன்றைய பகுதியில் நான் சொல்ல வருவது இதைத்தான்.

முதலில் மாவில், பிறகு மனிதனில்

அடுத்த பெரிய நகர்வு அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1861-லிருந்து 1865 வரை. துப்பாக்கிக் குண்டு பட்டுத் தாடை நொறுங்கிய சிப்பாய்கள் ஏராளம். அதுவரை உடைந்த தாடைக்குத் தலையைச் சுற்றித் துணி கட்டுவார்கள். எலும்பு ஏதோ ஒரு கோணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆள் பிழைத்துக்கொள்வார், ஆனால் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சேராது. வாழ்நாள் முழுக்கக் கஞ்சிதான்.

அப்போது வல்கனைட் என்ற பொருள் புதிதாக வந்திருந்தது. ரப்பரைக் கந்தகம் சேர்த்து வேகவைத்துக் கெட்டியாக்கியது. பல்செட் செய்யப் பயன்பட்டது. வடக்கே நியூயார்க்கில் தாமஸ் கன்னிங், தெற்கே அட்லாண்டாவில் ஜேம்ஸ் பாக்ஸ்டர் பீன். போரில் எதிரெதிர்ப் பக்கத்து ஊர்க்காரர்களான இரண்டு பல் மருத்துவர்கள் கிட்டத்தட்ட ஒரே தீர்வுக்கு வந்தார்கள்: வல்கனைட்டில் தாடைத் தகடு.

பீனின் முறையைக் கொஞ்சம் கவனியுங்கள். உடைந்த தாடையை அப்படியே அச்சு எடுப்பார். பிளாஸ்டர் மாவில் வார்ப்பார். அந்த மாவுத் தாடையை உடைந்த இடத்தில் பிரித்து, மேல்பற்களின் வார்ப்போடு கடி சரியாகப் பொருந்தும்படி மறுபடி சேர்ப்பார். இதற்கு ஆர்ட்டிகுலேட்டர் என்ற கருவி. கதவுக் கீல் மாதிரி திறந்து மூடும், மேல் மாவுத் தாடையையும் கீழ் மாவுத் தாடையையும் அதில் மாட்டலாம். இப்படி மேசைமேல் சரிசெய்த தாடைக்குத்தான் தகடு செய்வார். அந்தத் தகட்டை நோயாளியின் வாயில் வைத்தால், உடைந்த எலும்புகள் தகட்டின் பள்ளங்களுக்குள் போய் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் கடி சரியாகிவிட்டது என்று அர்த்தம்.

முதலில் மாவில் சரிசெய், பிறகு மனிதனில். ரொம்ப எளிமையான யோசனை. ஆனால் இன்றைக்கும் தாடை அறுவைத் திட்டமிடல் இதே வரிசையில்தான் நடக்கிறது.

கன்னிங்கிடம் வந்த நோயாளிகளில் பெரிய பெயர் வில்லியம் சீவர்ட், லிங்கனின் வெளியுறவு அமைச்சர். 1865 ஏப்ரல் தொடக்கத்தில் குதிரை வண்டி விபத்தில் அவருடைய தாடை உடைந்தது. அதே மாதம் 14-ம் தேதி இரவு, லிங்கன் சுடப்பட்ட அதே நேரத்தில், படுக்கையில் கிடந்த சீவர்டையும் ஒருவன் கத்தியால் குத்தினான். சீவர்ட் பிழைத்தார். அதன் பிறகு அந்தத் தாடைக்கு வல்கனைட் தகடு செய்து பொருத்தியவர் கன்னிங்.

வளரும் வயதில் ஒரு குறுக்குவழி

இதே காலகட்டத்தில் தகடு இன்னொரு பாதையிலும் போனது. எலும்பை வெட்டாமலே, தகட்டை மட்டும் வைத்து உள்வாங்கிய தாடையை முன்னுக்குக் கொண்டுவர முடியுமா?

நியூயார்க்கில் நார்மன் கிங்ஸ்லி என்ற பல் மருத்துவர். கையில் சிற்பக்கலையும் உண்டு. 1880 வாக்கில் அவர் மேல்தாடைக்கு ஒரு தகடு செய்தார். அதில் முன்பற்களுக்குப் பின்னால் ஒரு சாய்வுத் தளம். வாயை மூடும்போது கீழ்ப்பற்கள் அந்தச் சாய்வில் வழுக்கி முன்னால் வந்துதான் ஆக வேண்டும். பாரிஸில் பியர் ரோபின் 1902-ல் மேல் கீழ் இரண்டையும் ஒன்றாகப் பிடிக்கும் ஒரே தகட்டைச் செய்தார், மோனோபிளாக் என்று பெயர். 1905-ல் ஜெர்மனியின் எமில் ஹெர்ப்ஸ்ட் சின்ன உலோகத் தண்டுகளைக் கடைவாயில் பொருத்தித் தாடையை முன்னால் தள்ளி நிறுத்தினார். பிறகு நார்வேயில் விகோ ஆண்ட்ரெசன் செய்த ஆக்டிவேட்டர், ஸ்காட்லாந்தில் வில்லியம் கிளார்க் செய்த ட்வின் பிளாக். இன்றைக்கும் பல் மருத்துவமனைகளில் பிள்ளைகளுக்கு மாட்டுவது இவற்றின் வாரிசுகளைத்தான்.

இதில் ரோபின் முக்கியமான ஆள். 1923-ல் அவர் எழுதியது தோற்றத்தைப் பற்றி அல்ல, மூச்சைப் பற்றி. தாடை மிகச் சிறியதாகப் பிறந்த குழந்தைகளுக்கு நாக்கு பின்னால் விழுந்து தொண்டையை அடைக்கிறது, மூச்சு விட முடியாமல், பால் குடிக்க முடியாமல் இளைத்துப் போகின்றன என்று விளக்கினார். இன்றும் அந்த நிலை அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. உள்வாங்கிய தாடை மூச்சைக் கெடுக்கும் என்று அத்தனை அழுத்தமாகச் சொன்னவர் அவர்.

சரி, தகடு மட்டும் போதுமா? வளர்கிற வயதில், பெரும்பாலும் 10-லிருந்து 14 வயதுக்குள், இது பல்லின் முன்துருத்தலை நன்றாகக் குறைக்கிறது. ஆனால் பிற்காலத்தில் குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து நடந்த ஆய்வுகள் ஒன்றைக் காட்டின. அந்த மாற்றத்தில் பெரும்பங்கு பற்கள் சாய்ந்து நகர்வதால் வருகிறது. எலும்பு கூடுதலாக வளர்வது கொஞ்சம்தான். வளர்ச்சி நின்றுபோன 25 வயதுக்காரருக்கு அந்தக் கொஞ்சமும் கிடையாது. இந்த உண்மையைத் தெளிவாகச் சொல்லாமல், பெரியவர்களுக்கும் தகட்டாலேயே தாடை வளரும் என்று ஆசை காட்டுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

வெட்டினார்கள், ஆனால் நிற்கவில்லை

அப்படியென்றால் பெரியவர்களுக்கு? கத்திதான். பிளேரை மறுபடி பார்ப்போம். 20-ம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில், உள்வாங்கிய தாடையை வெட்டி முன்னால் கொண்டுவர முயன்ற முதல் ஆட்களில் அவர் ஒருவர். காதுக்குக் கீழே நிமிர்ந்து நிற்கும் தாடைப் பகுதியைக் குறுக்காக அறுத்து, கீழ்த் துண்டை முன்னால் தள்ளினார். அதே ஊரில்தான் எட்வர்ட் ஆங்கிளும் இருந்தார், பற்களின் கடியை வகை பிரித்து நவீனப் பல்சீரமைப்பைத் தொடங்கி வைத்தவர். இரண்டு துறைகளும் ஒரே ஊரில், அருகருகே.

பலன் முழுதாக வரவில்லை. காரணம் தசைகள். மெல்லும் தசைகள் உடலின் பலமான தசைகளில் சேர்த்தி. குறுக்காக அறுத்ததும் மேல் துண்டைத் தசைகள் மேலே இழுக்கும், கீழ்த் துண்டைக் கழுத்துத் தசைகள் கீழேயும் பின்னேயும் இழுக்கும். அறுத்த இரண்டு முனைகளும் தொட்டுக்கொள்ளும் பரப்பும் ரொம்பக் குறைவு. நகர்த்த நகர்த்த அது இன்னும் குறையும். எலும்பு ஒட்டத் தாமதமாகும், அதற்குள் தாடை பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும். முன்பற்கள் சேராமல் வாய் திறந்தே நிற்கும்.

முன்னால் நீண்ட தாடையைப் பின்னால் தள்ளுவது ஒப்பீட்டளவில் சுலபம். பின்னால் இருப்பதை முன்னால் இழுப்பது தசைகளோடு கயிறு இழுக்கும் போட்டி. அதனால்தான் நம்முடைய பிரச்சினைக்கு நம்பகமான தீர்வு வர இன்னும் 50 வருஷம் ஆனது.

போர் சேர்த்து வைத்த இருவர்

அந்த 50 வருஷத்துக்குள் ஒரு பெரிய போர். முதல் உலகப் போரின் பதுங்கு குழிச் சண்டையில் தலையை வெளியே நீட்டியவனுக்கு முகத்தில்தான் காயம். பிரான்சில், பிரிட்டிஷ் ராணுவத்துக்காக வேலை செய்தவர் சார்ல்ஸ் வலாடியே. தன் ரோல்ஸ் ராய்ஸ் காருக்குள் பல் மருத்துவ நாற்காலியைப் பொருத்தி வைத்திருந்த மனிதர். பல் மருத்துவர் என்பதால் மேற்பார்வை இல்லாமல் அவர் பெரிய அறுவை செய்யக் கூடாது என்பது விதி. மேற்பார்வை பார்க்க அனுப்பப்பட்டவர் காது மூக்கு தொண்டை மருத்துவரான ஹெரால்ட் கில்லீஸ். மேற்பார்க்கப் போனவர் அங்கே கற்றுக்கொண்டு திரும்பினார். பின்னாளில் நவீன பிளாஸ்டிக் சர்ஜரியின் தந்தை என்று பெயர் வாங்கினார்.

1917-ல் இங்கிலாந்தின் சிட்கப்பில் முகக் காயங்களுக்கென்றே மருத்துவமனை திறந்தபோது, கில்லீஸ் தனியாக நிற்கவில்லை. வில்லியம் கெல்சி ஃப்ரை என்ற பல் அறுவை நிபுணர் கூட நின்றார். தோலும் தசையும் ஒருவருக்கு, எலும்பும் பல்லும் இன்னொருவருக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். அடியில் தாடை சரியான இடத்தில் நிற்காவிட்டால் மேலே எவ்வளவு அழகாகத் தோலைத் தைத்தாலும் முகம் குழிந்துவிடும் என்று அந்த வார்டுகளில் கண்ணால் பார்த்தார்கள்.

இன்னொருவர் வராஸ்டாட் கசான்ஜியான். ஆர்மேனியர். சின்ன வயதில் அமெரிக்கா போய், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கம்பி ஆலையில் வேலை பார்த்தவர். பிறகு ஹார்வர்டில் பல் மருத்துவம் படித்தார். கம்பியை வளைக்கத் தெரிந்த அந்தக் கைதான் 1915-லிருந்து பிரான்சில் சிப்பாய்களின் தாடைகளுக்குக் கம்பியும் தகடும் செய்தது. போர் முடிந்து திரும்பியவர் மறுபடி மாணவராகச் சேர்ந்து, 40 வயதைத் தாண்டி 1921-ல் மருத்துவப் பட்டம் வாங்கினார். பல்லையும் கத்தியையும் ஒரே ஆளுக்குள் சேர்த்துக்கொள்ள அவ்வளவு மெனக்கெட வேண்டியிருந்தது.

கிராஸில் ஒரு வெட்டு

இப்போது ஆஸ்திரியாவின் கிராஸ் நகரம். ரிச்சர்ட் ட்ராவுனர் என்ற பேராசிரியரின் கீழ் ஹ்யூகோ ஒப்வெகேசர் என்ற இளைஞர். மருத்துவமும் பல் மருத்துவமும் தெரிந்தவர், கில்லீஸிடமும் சிறிது காலம் பழகியவர். 1950-களில் அவர் செய்த வெட்டு இந்தத் துறையை மாற்றிப் போட்டது.

பழைய ஆட்கள் தாடையைக் குறுக்கே அறுத்தார்கள். ஒப்வெகேசர் அதை நெடுக்காகப் பிளந்தார். விறகைப் பிளப்பது மாதிரி, எலும்பை வெளிப் பலகை, உள் பலகை என்று இரண்டாக்குகிறார். வெளிப் பலகை தாடை மூட்டோடு அப்படியே இருக்கும். பற்கள் உள்ள பகுதி உள் பலகையோடு சேர்ந்து முன்னால் வழுக்கி வரும். எவ்வளவு நகர்த்தினாலும் இரண்டு பலகைகளும் ஒன்றன்மேல் ஒன்று அகலமாகப் படிந்தே இருக்கும். வேறு இடத்து எலும்பை எடுத்து ஒட்ட வேண்டாம். எல்லாமே வாய்க்குள் வழியாக, அதனால் முகத்தில் தழும்பும் கிடையாது. 1957-ல் ட்ராவுனரும் அவரும் ஆங்கிலத்தில் இதை வெளியிட்டார்கள். 1961-ல் இத்தாலியரான தால் போன்ட் வெளி வெட்டைக் கடைவாய்ப் பற்கள் வரை முன்னால் நீட்டி, படியும் பரப்பை இன்னும் கூட்டினார். 1966-ல் வாஷிங்டனில் வால்ட்டர் ரீட் ராணுவ மருத்துவ மையத்தில் ஒப்வெகேசர் பேசிய பிறகு அமெரிக்கர்களும் வரிசையாக இதைக் கற்றுக்கொண்டார்கள்.

இதற்கு ஒரு விலை உண்டு. கீழுதட்டுக்கு உணர்வு தரும் நரம்பு இந்த எலும்புக்குள்தான் ஓடுகிறது. பிளக்கும்போது அது நசுங்கலாம். அறுவைக்குப் பின் உதடும் மோவாயும் மரத்துப்போவது சகஜம். பலருக்கு மாதங்களில் திரும்பும், சிலருக்கு நிரந்தரமாகக் கொஞ்சம் தங்கிவிடும்.

தாடை இப்போது வழுக்கி நகர்கிறது என்றால், எங்கே நிறுத்துவது? இங்கேதான் நம்முடைய தகடு மறுபடி உள்ளே வருகிறது. அறுவைக்கு முன்னால் அச்சு எடுத்து, மாவுத் தாடைகளை ஆர்ட்டிகுலேட்டரில் மாட்டி, மாவிலேயே வெட்டி நகர்த்தி, புதிய கடிக்கு ஏற்ற மெல்லிய அக்ரிலிக் தகடு செய்வார்கள். மேல்தாடையும் சேர்ந்து நகர்வதாக இருந்தால் இரண்டு தகடு: முதல் தாடை நகர்ந்ததும் ஒன்று, இரண்டாவதும் நகர்ந்த பிறகு ஒன்று. அறுவை மேசையில் தகட்டை வைத்து, பற்கள் பள்ளத்துக்குள் உட்காரும் வரை தாடையை நகர்த்தி, அங்கே நிறுத்துவார்கள். கையில் இருப்பது 1860-களின் பீன் செய்ததுதான், பொருள் மட்டும் மாறியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைக் கடி

இனி நேயர்கள் பலருக்குக் குழப்பமான இடம். அறுவையின் போது தகடு எதற்கு என்று புரிகிறது. அறுவைக்கு மாதக்கணக்கில் முன்னாலேயே சிலருக்கு ஏன் ஸ்பிளின்ட் போடச் சொல்கிறார்கள்?

உள்வாங்கிய தாடையோடு வளர்ந்தவர்கள் தங்களுக்கே தெரியாமல் ஒரு பழக்கத்துக்கு வந்துவிடுவார்கள். தாடையை எப்போதும் கொஞ்சம் முன்னால் நீட்டி வைத்துக்கொள்வது. பற்கள் சேரும், முகம் நன்றாகத் தெரியும், மூச்சும் சுலபமாகும். மருத்துவர்கள் இதற்கு வைத்த செல்லப்பெயர் ஞாயிற்றுக்கிழமைக் கடி. சர்ச்சுக்குப் போக நல்ல துணி உடுத்துகிற மாதிரி, தாடையும் நல்ல இடத்தில் வந்து நிற்கிறதாம். ஆனால் மூட்டு அதன் குழியில் உட்கார்ந்திருக்கவில்லை. தசைகள்தான் தாங்கிக்கொண்டிருக்கின்றன.

அந்த நிலையில் அளவு எடுத்தால் என்ன ஆகும்? 9 மில்லிமீட்டர் நகர்த்த வேண்டிய தாடைக்கு 5 மில்லிமீட்டர் போதும் என்று கணக்கு வரும். மயக்க மருந்தில் தசைகள் தளர்ந்ததும் மூட்டு தன் குழிக்குப் போய்விடும். கணக்கு அங்கேயே தப்பும்.

தாடை மூட்டும் கடியும் சம்பந்தப்பட்டவை என்ற பேச்சு 1934-ல் ஜேம்ஸ் காஸ்டன் என்ற செயின்ட் லூயிஸ் மருத்துவரின் கட்டுரையோடு பெரிதானது. அவர் சொன்ன காரண விளக்கங்கள் பல பின்னாளில் நிற்கவில்லை. ஆனால் மூட்டு மருத்துவத்தின் கவனத்துக்கு வந்தது. 1960-களில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ராம்ஃபியோர்டும் ஆஷும் பற்கள் முழுவதையும் மூடும் கெட்டியான, தட்டையான அக்ரிலிக் தகட்டைப் பரவலாக்கினார்கள். பற்கள் பழைய பள்ளங்களில் போய்ப் பூட்டிக்கொள்ளாமல் அந்த வழுவழுப்பான பரப்பில் நகரும். சில வாரங்களில் தசைகள் தளர்ந்து, மூட்டு தன் இடத்துக்குப் போகும். அப்போது தெரிவதுதான் தாடையின் உண்மையான இருப்பு. பார்க்கிறவர்களுக்குத் தாடை இன்னும் உள்ளே போன மாதிரி இருக்கும். நோயாளி பயந்துபோவார். மோசமாகவில்லை, மறைந்திருந்தது வெளியே வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அதே காலத்தில் பற்களுக்குக் கிளிப் போட்டு, சாய்ந்து போன முன்பற்களை நிமிர்த்துவார்கள். இதுவும் அறுவைக்கு முன் தோற்றத்தைக் கொஞ்சம் மோசமாக்கும். இந்த இரண்டையும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதி மன உளைச்சல் குறையும்.

1970-களில் இன்னொரு மாற்றம் வந்து இந்தத் தேவையை இரட்டிப்பாக்கியது. அதுவரை வெட்டிய எலும்பைக் கம்பியால் கட்டி, மேல் கீழ் தாடைகளையும் சேர்த்துக் கட்டி, ஆறு வாரம் போல வாயைத் திறக்காமல் வைத்திருப்பார்கள். திரவ உணவுதான். கம்பியில் கொஞ்சம் நெகிழ்வு இருந்ததால் சிறு தவறுகளை உடம்பு தானே சரிக்கட்டிக்கொள்ளும். 1974-ல் சுவிட்சர்லாந்தின் ஸ்பீசல் திருகாணிகளைக் கொண்டுவந்தார். பிரான்சில் மிஷ்லேயும் ஷாம்பியும் சின்ன உலோகப் பட்டைகளைப் பரவலாக்கினார்கள். நோயாளி சீக்கிரமே வாயைத் திறக்கலாம், பேசலாம். பெரிய வரம். ஆனால் திருகாணிக்கு நெகிழ்வு கிடையாது. மூட்டு தவறான இடத்தில் இருக்கும்போது முடுக்கிவிட்டால், அந்தத் தவறும் சேர்ந்து முடுக்கப்படும்.

மூட்டின் பந்து போன்ற தலை அறுவைக்குப் பிறகு கரைந்து சிறுப்பதும் உண்டு. மோவாய் மெல்ல மெல்லப் பின்னால் போகும். முன்னமே மூட்டுப் பிரச்சினை இருக்கிற இளம் பெண்களிடம் இது அதிகம் என்று பதிவாகியிருக்கிறது. தகடு போட்டுக் காத்திருக்கும் மாதங்கள் இதற்கும் பயன்படுகின்றன. மூட்டு நிலையாக இருக்கிறதா, இன்னும் மாறிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கலாம். மாறிக்கொண்டிருந்தால் அறுவையைத் தள்ளிவைப்பதுதான் புத்திசாலித்தனம்.

ரோபின் திரும்பி வந்தார்

பின்னால் தேவைப்படும் என்று மூச்சைப் பற்றி ஆரம்பத்தில் சொன்னேனே. 1979-ல் ஒரு சிறிய கட்டுரை வந்தது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் மூன்று நோயாளிகளுக்குக் கீழ்த்தாடையை அறுவையால் முன்னுக்குக் கொண்டுவந்தபோது மூச்சுத் தடை நீங்கியது. அந்தக் காலத்தில் இந்த நோய் முற்றினால் தொண்டையில் துளை போடுவதுதான் உறுதியான வழி. 1980-களில் ஸ்டான்ஃபோர்டில் ரைலியும் பவலும், தூக்க நோய் நிபுணர் கில்லமினோவோடு சேர்ந்து, மேல் கீழ் இரண்டு தாடைகளையும் முன்னால் நகர்த்தும் அறுவையை இதற்கான சிகிச்சையாகவே வளர்த்தார்கள். அதே காலத்தில், இரவில் கீழ்த்தாடையை முன்னால் பிடித்து வைக்கும் தகடுகளும் பெரியவர்களுக்கு வந்தன. ரோபினின் மோனோபிளாக்தான் வேறு உருவத்தில் வந்திருக்கிறது. லேசான, நடுத்தரமான தொல்லைக்குப் பலருக்கு இந்தத் தகடே போதும், கத்தி வேண்டாம். ஆனால் கழற்றிய அன்று இரவே தாடை பழைய இடத்துக்குப் போய்விடும்.

இந்த நூற்றாண்டில் மாவும் போய்விட்டது. சி.டி. ஸ்கேனும் பற்களின் டிஜிட்டல் அச்சும் எடுத்து, கணினித் திரையில் வெட்டி நகர்த்தி, தகட்டை அச்சுப்பொறியில் எடுக்கிறார்கள். ஹூஸ்டனில் கேட்டினோ, ஷியா போன்றவர்கள் 2000-களின் தொடக்கத்தில் இதை நிறுவிக் காட்டினார்கள். சில இடங்களில் தகடே இல்லாமல், நோயாளிக்கென்றே அச்சிட்ட டைட்டானியப் பட்டைகளை வைத்துத் தாடையை நிறுத்துகிறார்கள். ஆனால் கணினிக்கும் யாராவது சொல்ல வேண்டும், மூட்டு எங்கே உட்கார்ந்திருக்கிறது, கடி எங்கே சேர வேண்டும் என்று. ஸ்கேன் எடுக்கும்போது நோயாளி தாடையை நீட்டி வைத்திருந்தால், திரையில் தெரிவதும் ஞாயிற்றுக்கிழமைக் கடிதான்.

இந்த வரலாற்றிலிருந்து நடைமுறைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? என் பார்வையைச் சொல்கிறேன், இது மருத்துவ ஆலோசனை இல்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தச் சிகிச்சை பேசப்பட்டால் நாலு கேள்வி கேளுங்கள். வளர்ச்சி முடிந்துவிட்டதா? இந்தத் தகடு தாடையை நகர்த்தவா, மூட்டின் உண்மையான இடத்தைக் கண்டுபிடிக்கவா, எத்தனை மாதத்துக்கு? தூக்கத்தில் மூச்சு எப்படி இருக்கிறது என்று பரிசோதித்தார்களா? பல் சீரமைக்கிறவரும் அறுவை செய்கிறவரும் ஒரே திட்டத்தை வைத்திருக்கிறார்களா, ஒருவரோடு ஒருவர் பேசினார்களா? பின்பற்களை மட்டும் மூடும் தகட்டை இரவு பகலாக மாதக்கணக்கில் போட்டால் கடியே மாறிப்போகும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

நாலாவது கேள்விக்குப் பதில் சரியாக வராவிட்டால் நான் அவசரப்பட மாட்டேன். இந்தச் சிகிச்சை வருஷக்கணக்கில் நடக்கிற விஷயம், ஒரு மாதம் காத்திருந்து இருவரையும் ஒரே அறையில் உட்கார வைத்துப் பேசுவதால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.